ரோமாபுரிச் சவரக்கத்தி

அருங்காட்சியகத்தின் ரோமாபுரிக் கூடத்தில் ஒரு கையுறை இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு எந்தப் பொருளை எடுத்தாலும், அந்தப் பொருள் கடைசியாகச் செய்த வேலையை நம் கை தானாகவே செய்துவிடும். விளக்கை எடுத்தால் திரியைத் தூண்டும்; எழுத்தாணியை எடுத்தால் மெழுகுப் பலகையில் வீட்டுப்பாடம் எழுதும். அதைச் செய்துகாட்டுவதுதான் ஊழியர் பூங்காவனத்தின் பிழைப்பு.

“சவரக்கத்தி போலின்னு புகார். எனக்கே சவரம் பண்ணிக் காட்டும்மா. போலின்னா உனக்கு இன்னையோட வேலை இல்ல,” என்றார் சோதனைக்கு வந்த குஞ்சிதபாதம். அதற்குள் மேலதிகாரி ஃபோனில் கூப்பிட, விருட்டென்று எழுந்து குனிந்து, “தப்புதாங்கய்யா” என்று ஃபோனையே கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“கை என் பேச்சைக் கேக்காது சார். கடைசியா எவனாவது கழுத்தை அறுத்திருந்தா?”

“அப்போ அசல்னு எழுதிக்க.”

பூங்காவனம் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தியை எடுத்தாள். கை அவருடைய மோவாயைத் தூக்கியது. கத்தி தொண்டைக்குழியில் வந்து நின்றது. இழுத்துப் பார்த்தாள், கை வரவில்லை. அவர் எச்சில்கூட விழுங்கவில்லை. பிறகு கத்தி மெல்ல மேலேறி, தாடியை விட்டுவிட்டுத் தலையை மழுமழுவென்று மழித்தது.

“என்னம்மா இது!”

“அசல்தான் சார். ரோமாபுரியில அடிமைக்கு விடுதலை குடுத்தா இப்படித்தான் மொட்டை போடுவாங்க.”

ஃபோன் மறுபடி அடித்தது. மேலதிகாரிதான். குஞ்சிதபாதம் மொட்டையைத் தடவிக்கொண்டே, அது அடித்து ஓயும்வரை உட்கார்ந்திருந்தார்.