வீட்டுக்கு ஓர் ஆள்

கராங்வுனி கிராமத்தில் நாற்பது வீடுகள். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வாய்க்காலைத் தூர்வார வேண்டும். ஆண் இல்லாத வீட்டுக்கு விலக்கு உண்டு. அந்த வீட்டு வயல் வரப்பையும் ஊரே கட்டிக் கொடுக்கும்.

துமினாவின் கணவன் காசிரான் இறந்து இரண்டு வருடமாகிறது. போன வாரம் அவள் வயல் வரப்பு உடைந்தது. தண்ணீர் நில்லாமல், நட்டுப் பத்தே நாளான பயிர் மஞ்சளடித்துவிட்டது. அவள் வாய்க்கால் மேஸ்திரி சுகிமானிடம் போய் நின்றாள்.

"இன்னும் மூணு நாள் போனா பயிர் செத்துரும்டா. ஆளுங்களை அனுப்பு."

"எப்படிக்கா அனுப்புறது? உங்களுது ஆம்பளை இருக்கிற வீடாச்சே."

"எந்த ஆம்பளை?"

"காசிரான் அண்ணன்தான். ஒரு மாசம் தவறாம வர்றாரு. இன்னிக்கும் சோயா தெம்பே வறுத்து வெச்சு, ஆளுக்கு ஒண்ணா நாப்பது பொட்டலம் சோறு கட்டினேன். நாப்பதும் தீந்துபோச்சு."

"புதைச்சப்போ நீயும்தானேடா மண்ணு போட்டே?"

"போட்டேன். அதுக்காக வேலைக்கு வந்த ஆளை வரலைன்னு எழுத முடியுமா?"

துமினா நேரே வாய்க்கால் கரைக்கு நடந்தாள். முழங்கால் சேற்றில் முதுகுகள் வரிசையாகக் குனிந்திருந்தன.

"யோவ்! ஊர் வாய்க்காலுக்கு வரத் தெரியுது, நம்ம வரப்பு உடைஞ்சு கிடக்கிறது தெரியலையா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் இருந்த ஒருவன் மட்டும் குனிந்தபடியே சேற்றை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோதும் அவள் கூப்பிட்ட முதல் குரலுக்கு அவன் திரும்பியதில்லை.