திரும்பி வரும் தண்ணீர்

திரையில் புள்ளி வட்டமாகவே நின்றது.

பம்ப் அருகே நின்றிருந்த கண்ணாடியம்மா இமைக்கவில்லை. அந்த லேசர் கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். கதிர் பட்டுத் திரும்பும் கண்ணாடியைக் குளிர வைப்பது அவள் வேலை.

"ஃபுல் பவர் வந்தாச்சு," என்று கட்டுப்பாட்டு மேசையிலிருந்து குரல் வந்தது. அவள் கணவன்தான்.

எப்போதும் இந்த இடத்தில்தான் குடி முழுகும். முழு பலத்தில் கதிர் விழுந்ததும் செம்புக் கண்ணாடி சூடேறி நடுவில் புடைக்கும். கண்ணுக்கே தெரியாத புடைப்புதான். ஆனால் திரையில் வட்டம் முட்டையாகும். பிறகு முட்டை உடைந்த மாதிரி வழியும். வழிகிற புள்ளியை வைத்துக்கொண்டு இரும்புத் தகட்டை வெட்ட முடியாது.

கண்ணாடியின் முதுகில் மெல்லிய வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீர் ஓடவிட்டாள். மெதுவாக விட்டால் சூடு இறங்கவில்லை. வேகமாக விட்டால் கண்ணாடி நடுங்கி, புள்ளி ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருந்தே தீரும் என்று நம்பித்தான் இத்தனை வருடங்களையும் தொலைத்தாள்.

பிள்ளை பெறுவதைக்கூடத் தள்ளிப் போட்டாயிற்று. கண்ணாடி தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று.

மாமியார் போன் செய்தால், கண்ணாடிக்குப் பெயர் வைத்தாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். இவளும் சிரித்து வைப்பாள். போனை வைத்த பிறகு வெகுநேரம் வேலை எதுவும் ஓடாது.

இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. தடுப்புக்கு அப்பால் நிர்வாகக் குழு உட்கார்ந்திருந்தது. முழு பலத்தில் புள்ளி கலையாமல் நின்றால் இந்தக் கண்ணாடி பெரிய இயந்திரத்துக்குப் போகும். கலைந்தால் பிரிவையே மூடிவிடுவோம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

நேற்றுவரை ஒருமுறைகூட நின்றதில்லை. இன்று தண்ணீரின் வேகத்தைத் துளி குறைத்திருந்தாள், அவ்வளவுதான்.

புள்ளி நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

தடுப்புக்கு அப்பால் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

அவளுக்குக் கால் வெலவெலத்தது. இத்தனை பேர் முன்னால் விழுந்து வைக்கப் போகிறோமே என்று கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடியிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் குழாய் அது.

ஜில்லென்று இருந்தது.

கையை எடுத்து மறுபடி வைத்தாள். முழு பலத்தில் கதிர் விழுந்தால் கண்ணாடி வாங்கும் சூடெல்லாம் இந்தத் தண்ணீரில்தான் வந்து சேர வேண்டும். தோற்ற நாட்களில் இதைத் தெரியாமல் தொட்டுவிட்டுச் சூடு தாங்காமல் கையை உதறியிருக்கிறாள்.

உள்ளே போகும் குழாயையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒரே குளிர்ச்சி.

கண்ணாடிக்குச் சூடே ஏறவில்லை. கதிரில் பாதி பலம்கூட இல்லை. திரையில் தெரிவது புள்ளியின் வடிவம் மட்டும்தான். பலத்தைக் காட்டும் மீட்டர் கணவனின் மேசையில் இருந்தது. பலம் எவ்வளவு என்று சொன்னது அவன் குரல்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. மீட்டரை மறைக்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீர் ஞாபகம் வரவில்லை. தண்ணீர் எப்போதும் அவள் பாடு.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணாடியை நம்பியிருந்தால் அவன் இதைச் செய்திருக்க மாட்டான். எப்போது விட்டான் அந்த நம்பிக்கையை? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் விடு என்று தினமும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தேற்றிக்கொண்டு வந்தானே, அப்போதே விட்டிருந்தானா?

தினமும் மீட்டரைப் பார்த்தவனே நம்பிக்கையை விட்டுவிட்டான் என்றதும் அவளுக்கும் தெரிந்துவிட்டது. நடுவில் அப்படி ஒரு வேகம் இல்லவே இல்லை.

குழுத் தலைவர் உள்ளே வந்தார். வாயெல்லாம் பல். நாளைக்கே பெரிய இயந்திரத்தில் மாட்டிவிடலாம் என்றார். அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"என்னம்மா, கை இப்படி ஜில்லுனு இருக்கு? பயந்துட்டீங்களா?"

"தண்ணி திரும்பி வர்ற குழாயைப் பிடிச்சிட்டு இருந்தேன் சார்."

அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மேசையில் இருந்தவன் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.