நீலப் பெட்டி

"ஒரு பெட்டிக்கு மூணு நாளா?"

டீம் லீடர் போட்ட சத்தத்தில், ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த பெண் மெல்லத் திரும்பினாள். எந்நேரமும் அரைக் கனவில் இருப்பதால் ஆபீஸில் அவளுக்கு 'மேகம்' என்று பட்டப்பெயர். வெளியே மழை, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

விஷயம் ஒரு நூலக வெப்சைட். உறுப்பினர் எண்ணைத் தப்பாகப் போட்டால் சிவப்புப் பெட்டி ஒன்று பளிச்சென்று குதிக்கும். 'பிழை! எண் தவறு!' மூன்றே விநாடி, மறைந்துவிடும். ஃப்ரேம்வொர்க்கோடு ரெடிமேடாக வந்த பெட்டி. நாலு வருஷமாக யாரும் அதைத் தொட்டதில்லை.

மேகம் தொட்டுவிட்டாள். இப்போது வருவது விடியற்காலை வானம் மாதிரி இளநீலம். மெதுவாகத் தெளிந்து வரும், நாமாக மூடும்வரை அங்கேயே இருக்கும். 'பரவாயில்லைங்க. நிதானமா இன்னொரு தடவை பாருங்க.'

"தப்புன்னா சிவப்பும்மா. ஊர் உலகம் பூரா அதான்."

"தப்பு பண்ணினவங்க ஏற்கெனவே பதறிப்போய்த்தானே சார் இருப்பாங்க?"

"நல்லா இருக்கே கதை! இங்க என்ன தாலாட்டா பாடுறோம்?"

பக்கத்து நாற்காலிகளில் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து லீடரின் போன் அதிர்ந்தது. அப்பா.

"வேலையா இருக்கேம்பா. அப்புறம்." மூன்று விநாடிகூட ஆகவில்லை, வைத்துவிட்டார்.

"இதைப் பாரு!" என்று தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். "நேத்து ராத்திரி மாத்தினோம். இன்னிக்குக் காலையில ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து நாலு தடவை தப்பான எண். சிவப்பா இருந்தவரைக்கும் அந்த ஆள் ஒரு தடவை தப்பு பண்ணினா ஓடியே போயிடுவார். நீ கொஞ்சின கொஞ்சல்ல குளிர் விட்டுப்போச்சு!"

மேகத்துக்குக் கண் நிறைந்தது.

"சாயங்காலத்துக்குள்ள பழைய சிவப்பு வந்தாகணும். இல்லேன்னா நாளைக்கு நீ வேற டீம்."

அவள் கடைசியாக ஒருமுறை அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு, கீபோர்டில் கை வைத்தாள்.

மறுபடியும் போன். அப்பா இரண்டாவது தடவை கூப்பிடுகிற ஆளே இல்லை.

"என்னப்பா?"

"கோவிச்சுக்காதே தம்பி, ஒரே நிமிஷம். அந்த நூலக சைட்டு நீ செஞ்சதுதானே?"

"ஆமா. ஏன், வேலை செய்யலையா?"

"ஐயோ, ஜோரா செய்யுது. இத்தனை நாளா எண்ணு மாறிப்போனா சிவப்பா சுள்ளுன்னு விழுவியா... சரி, பிள்ளைக்கு என்ன வேலைப் பளுவோன்னு மூடிட்டு எழுந்துடுவேன். இன்னிக்கு 'பரவாயில்லைங்க'ன்னு எழுதியிருந்தே பாரு... நீ அப்படிப் பேசி எத்தனை வருஷமாச்சுப்பா!"

லீடர் போனைக் காதில் வைத்தபடியே எட்டி, கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த மேகத்தின் கையை நிறுத்தினார்.

அப்பா வெட்கத்தோடு சிரித்தார். "மொதல் தடவைதான் தம்பி நிஜமாவே தப்பு. அப்புறம் மூணு தடவை, நீ சொல்றதைக் கேட்கணும்னு நானேதான் தப்பா போட்டேன்."