நாற்பது நாள் பயணம்

டிரைவர் காலையிலிருந்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. தன் பிக்கப் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடுமாண்ணே?" இது ஏழாவது தடவை.

"பறக்காதீங்க தம்பி," என்றார் தச்சர். வண்டியின் பின்பக்கத்தில் பழைய ஒட்டுப்பலகையில் ஒரு கட்டில், மேலே தார்ப்பாய்க் கூரை, பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன். குறைந்த செலவில் ஒரு வீடே எழும்பிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்காரம்மாவோட ஊர் சுத்தப் போறீங்களாக்கும். எத்தனை நாளு?"

"நாற்பது நாள் ஆகும்கிறாங்க."

தச்சருக்கு வயிறு எரிந்தது. அவர் தன் மனைவியை ஒரு நாள்கூட எங்கும் கூட்டிப்போனதில்லை.

"கொடுத்து வெச்சவங்க!" என்று ஆணியை ஓங்கி அடித்தார்.

"ஏறுற படியை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்கண்ணே. அவளால காலைத் தூக்கி வைக்க முடியாது."

"மகாராணிதான் போங்க!"

வேலை முடிந்தது. தச்சரை வீட்டில் விடுவதாக ஏற்றிக்கொண்ட டிரைவர், வழியில் ஓர் ஆஸ்பத்திரிக்குள் வண்டியைத் திருப்பினார். வாசலில் அவருடைய மனைவி அடிவயிற்றைப் பிடித்தபடி, நர்சின் தோளில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

"இவங்களை டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு," என்றார் நர்ஸ். "குழந்தை ஒரு கிலோதான் இருக்கு. இன்னும் நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியிலதான் இருக்கணும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாய்ப்பால் வேணும். உங்க வீடு ரொம்ப தூரமாச்சே, என்ன பண்ணப் போறீங்க?"

தச்சர் இறங்கிப் போய், வண்டியின் படியைத் தன் துண்டால் துடைத்தார்.

டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினார்.

"வீட்டை இங்கேயே கொண்டாந்துட்டேன் சிஸ்டர்."