தரங்கம்பாடித் தோழி

தரங்கம்பாடிப் பள்ளிக்கூட வாசலில் நின்றபடி செம்மொழி பையை இன்னொரு தடவை திறந்து பார்த்துக்கொண்டாள். குவைத்திலிருந்து அம்மா கடைசியாக அனுப்பிய பெட்டியிலிருந்து நாலு சாக்லேட்டை உருகாமல் காப்பாற்றி வைத்திருந்தாள். நாலும் இசைவாணிக்கு.

நாகூர் கந்தூரிக்காக நாகை மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டம் என்பதால் அங்கே பள்ளிக்கூடம் உண்டு. கருவாடு வாங்கக் கிளம்பிய அம்சம் அத்தையை நச்சரித்து, கீழ்வேளூரில் அவளோடு பஸ் ஏறிவிட்டாள் செம்மொழி.

இசைவாணியை அவள் நேரில் பார்த்ததில்லை. செம்மொழியின் பள்ளிக்கூடத்தில் அனுராதா டீச்சர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆரம்பித்து, ஆளுக்கொரு மெயில் முகவரி போட்டுக்கொடுத்த அடுத்த வாரமே இசைவாணியிடமிருந்து கடிதம் வந்தது. நானும் எட்டாவதுதான், தரங்கம்பாடியில் படிக்கிறேன், ஓவியப் போட்டிப் பட்டியலில் உன் முகவரியைப் பார்த்தேன், தோழியாக இருக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

முன்பின் தெரியாதவர்களுக்குப் பதில் போடவே கூடாது என்று டீச்சர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். ஆனால் இவளும் தன்னைப்போல ஒரு பெண்தானே என்று செம்மொழி பதில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது கடிதத்தில் இசைவாணி ஒரு ரகசியத்தை எழுதினாள். படகு வேலைக்குக் கேரளா போன அவள் அப்பாவிடமிருந்து எட்டு மாதமாகத் தகவல் இல்லையாம். உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன் என்று முடித்திருந்தாள்.

கம்ப்யூட்டர் அறையில் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செம்மொழி தன்னுடையதையும் கொட்டிவிட்டாள். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன அம்மா ஐந்து மாதமாகப் பேசவில்லை. அனுப்பிவைத்த ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. அப்பா வரப்பில் உட்கார்ந்து தனியாக அழுகிறார். ஞாயிறுதோறும் அம்மா பேசுவதாகப் பள்ளிக்கூடத்தில் தான் சொல்வதெல்லாம் பொய்.

அனுப்பிய பிறகு நெஞ்சு லேசானது. திங்கட்கிழமை தவறாமல் "அம்மா பேசினாங்களா?" என்று விசாரிக்கும் அனுராதா டீச்சரும் கொஞ்ச நாளாக அதைக் கேட்பதில்லை. டீச்சரிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

வேளாங்கண்ணிக்குப் போனபோது மாதாவுக்கு இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று இசைவாணியின் அப்பாவுக்கு.

தரங்கம்பாடிப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசியா என்றொரு டீச்சர் வெளியே வந்து விவரம் கேட்டார். உள்ளே போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எட்டாவதுல மொத்தமே பதினாலு பேருதாம்மா. இசைவாணிங்கிற பேர்ல இந்த ஸ்கூல்லயே யாரும் இல்லை."

இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைத்தான் எழுதியிருந்தாள் என்றாள் செம்மொழி. மெயிலில் வந்த பழக்கம் என்று தெரிந்ததும் ஆசியா டீச்சரின் முகம் மாறிவிட்டது. பெண் பேரில் ஆம்பளைகள்கூட இப்படி எழுதுவார்கள், உடனே உங்கள் டீச்சரிடம் சொல்லிவிடு என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அத்தை ஏதோ கேட்க, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இசைவாணி இல்லையென்றால் கேரளாவுக்குப் போன அந்த அப்பாவும் இல்லை. இல்லாத ஒரு மனுஷனுக்காக மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறாள். தன் வாயிலிருந்து அம்மா கதையைப் பிடுங்குவதற்காகவே யாரோ அந்த அப்பாவை உண்டாக்கியிருக்கிறார்கள்.

காரைக்கால் தாண்டியபோதுதான் பயம் பிடித்துக்கொண்டது. ஊர்ப் பேர், தெருப் பேர், அப்பா வயலிலிருந்து வர இருட்டிவிடும் என்பது வரை எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அன்று ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டு இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்பாவிடமும் சொல்ல முடியவில்லை. அம்மா கதையை ஊருக்குச் சொன்னாயா என்று அவர் கேட்டுவிட்டால்?

உலகத்தில் மிச்சம் இருந்தது அனுராதா டீச்சர் ஒருவர்தான்.

மறுநாள் காலை பிரேயர் மணி அடிக்கும் முன்பே ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். தெரியாதவர்களுக்குப் பதில் போட்டது, ஐந்து மாதமாக டீச்சரிடமே பொய் சொன்னது, தரங்கம்பாடி போய் ஏமாந்து வந்தது என்று அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் சொன்னாள். அடி விழும் என்றுகூட எதிர்பார்த்தாள்.

டீச்சர் திட்டவில்லை. முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சாயங்காலம் நான் தனியாத்தான் இருப்பேன்னு எழுதிட்டேன் டீச்சர். அந்த ஆளு வீட்டுக்கு வந்துட்டா என்ன பண்றது?"

"யாரும் வரமாட்டாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தார்.

"முன்பின் தெரியாதவங்களை நம்பக் கூடாதுன்னு உனக்குப் புரியணும்கிறதுக்காக, இசைவாணி பேர்ல எழுதினது நான்தான்."