பாதி முடிந்த எழுத்துரு

புதிய வாசனைத் திரவியத்தின் பெயரைப் பாட்டிலில் பொறிப்பதற்கான எழுத்துருவை அன்றே முதலாளியிடம் காட்டியாக வேண்டும். விளம்பரப் பிரிவின் தலைவி அப்பெயரைக் கணினியில் தட்டினாள். திரையில் இரண்டு எழுத்துகள் மட்டும், முனைகளில் சிறு பாதம் வைத்து ஒயிலாகச் சாய்ந்து நின்றன. மற்றவையெல்லாம் வெற்றுக் கட்டங்கள்.

"என்ன ஓவியரே, வரையாத எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது! மூணு மாசமா என்ன பண்ணீங்க?"

"சாய்வு சரியா அமையல, மேடம்," என்றான் எழுத்துரு வடிவமைப்பாளன்.

"முதலாளி பார்த்தா நீங்கதான் சாய்வீங்க. வேலையே போயிடும். எதெல்லாம்தான் முடிஞ்சிருக்கு?"

"வேண்டாம் மேடம், நானே காட்டுறேன்..."

அவன் விசைப்பலகையை இழுப்பதற்குள், எவரும் முதலில் தட்டிப் பார்ப்பதையே அவளும் தட்டினாள்: தன் பெயரை.

ஒரு கட்டம்கூட விழவில்லை. ஒவ்வோர் எழுத்தும் வால் சுழித்துச் சிரித்தது.

அவன் காதுகள் சிவந்தன. அவள் மெல்ல அவன் பெயரைத் தட்டினாள். அத்தனையும் கட்டங்கள்.

"உங்க பேருல ஒரு எழுத்துகூட வரையலையா?"

"அதுக்குத் தைரியம் வரல, மேடம்."

"மேடமாம், மேடம்! முதல்ல பாட்டில் பேரை முடிங்க. அடுத்து உங்க பேரு. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு கட்டம் கட்டமா இருந்தா நல்லாவா இருக்கும்?"