மீன் வாங்கப் போனவர்

மசாலாவை அரைத்து வைத்துவிட்டு மீனுக்காகக் காத்திருக்கிறாள்.

மணி எட்டே முக்கால். சீக்கிரம் போனால்தான் நல்ல வஞ்சிரம் கிடைக்கும் என்று ஐந்தரைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் அவள் கணவர். உறையூரிலிருந்து மீன் மார்க்கெட் பத்து நிமிஷம். கடலுக்கே போய்ப் பிடிக்கிறார் போலிருக்கிறது.

கோபம் வரவில்லை. இந்த வாரம் முழுக்கவே அவளுக்குக் கோபம் சரியாக வரவில்லை.

இன்று அவளுக்கு ஐம்பத்தொன்று.

மகள் மதுமிதா எழுந்ததும் எழாததுமாகக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொன்னாள். கணவர் அந்த ரகமில்லை. பிறந்தநாளுக்கு மீன் வாங்கித் தருவார். அதை அவளே சமைத்துத் தரவேண்டும்.

போன திங்கட்கிழமை வரை இந்த நாளை நினைக்கவே பயமாக இருந்தது.

குளிக்கும்போதுதான் கைக்குத் தட்டுப்பட்டது. இடது மார்பில், கொண்டைக்கடலை அளவு. அலுவலகத்தில் பெர்மிஷன் போட்டுவிட்டுத் தனியாகப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்தார்கள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மகளுக்கு செமஸ்டர் பரீட்சை. சீட்டுகளைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள். பத்து நாள் சமைத்தாள், சிரித்தாள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்ரூமில் அழுதாள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். வெறும் கொழுப்புக்கட்டி. பயப்பட ஒன்றுமில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு டீ குடித்தாள். இன்னொரு டீயும் குடித்தாள். வீட்டுக்கு வந்து அந்த ரிப்போர்ட்டையும் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

பிறகு வந்தது சாதாரண வாரம்.

செவ்வாய்க்கிழமை வாஷிங் மெஷின் பாதியில் நின்றது. சோப்புத் தண்ணீரிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்துக் கையால் பிழிந்தாள். இடுப்பு விட்டுப்போனது. பிழியப் பிழியச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த நாள் மாடி வீட்டு அம்மாள் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டைக்கு வந்தாள். ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று அந்த அம்மாள் கத்துவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன தெம்பாகக் கத்துகிறாள், நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியது. அந்த அம்மாளுக்கே ஒரு மாதிரியாகிப் பாதியில் படியேறிப் போய்விட்டாள்.

சாம்பாரில் உப்பு போட மறந்தது எந்த நாள் என்று நினைவில்லை. மகள் முகம் சுளித்தது நினைவிருக்கிறது. அந்தச் சுளிப்பைக்கூடக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று கணவர் இரண்டு இடம் பிடித்தார். இலையில் விழுந்த அப்பளத்தை அவர் தொடுவதற்குள் அவள் எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டாள். டாக்டர் எண்ணெய் ஆகாது என்றிருக்கிறார். வழக்கமாக இதற்கு ஒரு முறைப்பு உண்டு. அன்று அவர் தன் இலையிலிருந்த ஜாங்கிரியையும் எடுத்து அவளுக்கு வைத்தார்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்று யோசித்தாள்.

ஒன்றுமே நடக்கவில்லை. காலை வந்தது, மத்தியானம் வந்தது, சாயங்காலம் வந்தது. முழுசாக ஒரு சனிக்கிழமை.

யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுப்படியில் நின்றபடியே, காற்றாடி சுற்றும் பக்கமாகப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

வாசலில் வண்டிச் சத்தம்.

"அம்மா, அப்பா ஹெல்மெட்டோட உள்ள வர்றாரு." கூடத்திலிருந்து மகளின் குரல். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது தெரிந்தது.

அவர் அடுக்களை வாசல்வரை வந்து நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் மீன் பை இல்லை. சமயபுரம் கோயில் பிரசாதப் பை இருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினார்.

மொட்டை.

வியர்வையில் பாதி கரைந்த சந்தனம் காதோரம் இறங்கியிருந்தது. மீசையும் போயிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் பார்த்தேயிராத மேலுதடு.

குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் வெளியே செருப்புகளுக்குக் காவல் நிற்கிற மனுஷன். சாமிக்கும் தனக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்பார். வேண்டுதல் இல்லாமல் யாரும் சமயபுரத்தில் முடி இறக்குவதில்லை.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வெயில் தாங்கலை. அதான்," என்றார்.

ஜன்னலில் ஐப்பசி அடைமழை அடித்துக்கொண்டிருந்தது.

மகள் ஓடி வந்து மொட்டையைத் தடவிப் பார்த்தாள். போட்டோ எடுக்க போனைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

அவர் கழுத்தில் இறங்கிய ஈரத்தை இவள் முந்தானையால் துடைத்தாள். அவர் குனிந்து கொடுத்தார். கிட்டத்தில் பார்க்கும்போதுதான் தெரிந்தது, கண் சிவந்திருந்தது.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

அவரும்தான் இத்தனை நாள் கேட்கவில்லை.